ஒப்பமிடுவோர் உண்டு, ஒப்பு நோக்குவோர்?

'கையெழுத்து' என்ற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு பொருள்களில் வழங்குகிறோம். ஒருவர் எழுதும் எழுத்தின் வடிவத்தை அது குறிக்கும். ஆவணத்தின் அடியில் அவர் இடும் ஒப்பத்தையும் குறிக்கும். ஈழத்துத் தமிழர் இரண்டாவதற்குக் 'கைச்சாத்து' என்ற பழைய சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கின்றனர். இக்கரையில் நாம் அதைத் தவறவிட்டோம். இரு பொருளும் ஒரே சொல்லில் தங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எழுத்தின் வளைவிலும் அழுத்தத்திலும் எழுதியவரின் கை தெரியும், ஆகவே எழுத்தே அவருக்குச் சாட்சி என்ற நம்பிக்கையின்மேல்தான் ஒப்பம் என்ற ஏற்பாடு நின்று வந்திருக்கிறது. டிஜிட்டல் கையொப்பத்தில் கையும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆயினும் அதை ஒரு கையெழுத்தின் படமாகவே நம் மனம் எண்ணிக்கொள்கிறது. இக்குழப்பம் சொல்லளவில் நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. அது நம் சொத்துக்களையும் படைப்புரிமைகளையும் தொடும் இடத்துக்கு வந்துவிட்டது.

மின்-ஆதார்க் கோப்பை இறக்கித் திறந்து பார்த்தவர்கள் அதன் ஒரு மூலையில் மஞ்சள் நிறக் கேள்விக்குறி ஒன்று நிற்பதைக் கண்டிருப்பார்கள். ஒப்பம் இருக்கிறது, அதன் செல்லுந்தன்மை தெரியவில்லை என்று மென்பொருள் நேர்மையாகச் சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அக்கேள்விக்குறியோடு சேர்த்தே அதை அச்சிடுகிறோம். அச்சுப்படியை ஜெராக்ஸ் எடுக்கிறோம். ஜெராக்ஸின்மேல் ஓர் அதிகாரி பச்சை மையில் சான்றொப்பம் இடுகிறார். அதை வாங்கிக்கொள்ளும் அலுவலகம் அடுக்கில் கட்டி வைக்கிறது. இந்தப் பயணத்தில் எந்த ஒரு கட்டத்திலும், எவரும், அந்த ஒப்பத்தைச் சோதிக்கவில்லை. சோதிக்கவும் இயலாது, காகிதத்தில் ஏறிய கணமே டிஜிட்டல் ஒப்பம் இறந்துவிடுகிறது. எஞ்சுவது அதன் படம். பச்சைச் சரிக்குறியோடு அச்சாகியிருந்தாலும் அப்படித்தான். அந்தப் பச்சையை எந்தப் படம் வரையும் மென்பொருளிலும் வரைந்துவிடலாம்.

(பட்டா நகலின் அடியிலோ சான்றிதழ்களிலோ காணும் குறிப்பு எண்ணை அரசுத் தளத்தில் இட்டுப் பார்ப்பது வேறு வழி. அங்கே விடை தருவது துறையின் பதிவேடு, ஒப்பம் அன்று. பயனுள்ள வழிதான். அதையும் எத்தனை அலுவலகங்கள் செய்கின்றன என்பதை வாசகர்கள் தத்தம் அனுபவத்திலிருந்து அறிவார்கள்.)

ஓர் ஆவணத்தைச் சோதிப்பது எப்படி என்று நம் இலக்கியம் மிகத் துல்லியமாகக் காட்டியிருக்கிறது. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தை நினைவுகூரலாம். புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய அந்தணராக வந்த சிவபெருமான், இவன் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே முதியவர் கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். கரணத்தான் அதை வாங்கி அவையறியப் படிக்கிறான். ஓலையில் ஒப்பமிட்டவர் சுந்தரரின் பாட்டனார். அவர் இப்போது இல்லை. அவை என்ன செய்கிறது? காப்பில் இருந்த, பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வரவழைக்கிறது. இரண்டையும் ஒப்பு நோக்குகிறது. எழுத்து ஒத்திருக்கக் கண்ட பிறகே தீர்ப்பு. பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு இதை ஆவணச் சோதனையின் இலக்கணமாகவே வாசிக்கலாம் என்பது நம் கருத்து. வழக்காடுபவர் கொண்டுவந்த ஓலையை அவரே கொண்டுவந்த இன்னோர் ஓலையோடு ஒப்பிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கைபடாத இடத்திலிருந்து வந்த சான்றோடு ஒப்பிட்டார்கள். வாதியோ சாட்சாத் இறைவன்! அவருக்கும் விலக்கு இல்லை.

டிஜிட்டல் ஒப்பம் இதே வினையைக் கணிதத்தால் செய்கிறது. ஒரு வரிக் கடிதமாயினும் ஆயிரம் பக்க நாவலாயினும் அதை 'ஹாஷ்' எனப்படும் கணக்கீட்டில் இட்டால் நிலையான நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். பரவலாக வழங்கும் ஷா-256 முறையில் அதன் நீளம் 256 பிட்டுகள். எழுதிக் காட்டினால் 64 குறிகள். நாவலில் ஒரே ஒரு வல்லொற்றை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டால் முற்றிலும் வேறோர் எண் வரும். மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்குத் தப்பிய ஒற்று இங்கே தப்பாது. அந்த எண்ணை ஒப்பமிடுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள அந்தரங்கச் சாவியால் ஒரு கணித வினைக்கு உட்படுத்துகிறார், விளைவது ஒப்பம். அதற்கு இணையான பகிரங்கச் சாவி யாரிடமும் இருக்கலாம். அதைக்கொண்டு சோதிக்கலாமே தவிர ஒப்பமிட முடியாது. 1976-ல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்ட கருத்து இது. நடைமுறைக்கு ஏற்ற வழியை 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்டனர். ஓலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. இங்கே படியோலை, மூலவோலை என்ற பிரிவினையே இல்லை. கோப்பை ஆயிரம் முறை நகலெடுத்தாலும் ஒவ்வொன்றும் மூலமே. அச்சுப்படி மட்டுமே படியோலை. நாமோ மூலத்தை மின்னஞ்சலில் தூங்கவிட்டுப் படியோலையைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறோம்.

தமிழுக்கே உரிய ஒரு வேடிக்கையை இங்கே சொல்ல வேண்டும். 'கொடை' என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாக இடலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்தும் இடலாம். திரையில் இரண்டும் ஒரே 'கொடை'தான். ஹாஷ் எண்கள் வேறு வேறு. இதன் மறுபக்கத்தைப் பாமினி எழுத்துருக் காலத்துக் கோப்புகளை இன்னும் வைத்திருப்போர் அறிவர். எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் தமிழ். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குப்பை. கோப்பு ஒன்றே ஆதலால் அதன்மேல் இட்ட ஒப்பம் இரு நிலையிலும் செல்லும். ஆக, ஒப்பம் காவல் காப்பது கோப்பில் உள்ள குறியீடுகளை. நம் கண் காணும் தோற்றத்தை அன்று. ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இந்த இடைவெளியைத்தான் அம்பலப்படுத்தினர். அவர்கள் சோதித்த 22 பி.டி.எஃப். வாசிப்பு மென்பொருள்களில் 21-ல், ஒப்பம் செல்லும் என்ற குறி அப்படியே நிற்க, ஆவணத்தின் உள்ளடக்கத்தை வேறாகக் காட்ட முடிந்தது. கணிதம் தோற்றதாகப் பொருளில்லை. ஒப்பு நோக்கும் பொறுப்பை ஏற்ற மென்பொருள்கள் கடமை தவறின.

சரி, பகிரங்கச் சாவி இன்னாருடையதே என்று யார் சொல்வது? இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு ஒரு மரத்தை நட்டது. வேரில் சான்றளிக்கும் அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர். கிளைகளில் அவரிடம் உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனங்கள். இலைகளில் நீங்களும் நாமும். திருவெண்ணெய்நல்லூரின் காப்பகம் செய்த வேலையை இந்த வேர் செய்ய வேண்டும். வேர் அசைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014 ஜூலையில் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுளின் தளப் பெயர்களுக்கு உரிமையின்றிச் சான்றிதழ்கள் வெளியானது கண்டறியப்பட்டு, கட்டுப்பாட்டாளர் அக்கிளையின் சான்றுகளை ரத்துச் செய்ய நேர்ந்தது. எனினும் ரத்துச் செய்ய ஒரு வேர் இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

நம் கவலை வேரைப் பற்றியதன்று. மஞ்சள் கேள்விக்குறியைப் போக்க ஊரெங்கும் சொல்லித்தரப்படும் உபாயத்தைப் பற்றியது. ஒப்பத்தின்மேல் சொடுக்கு, சான்றிதழைத் திற, 'நம்பிக்கைக்குரியோர் பட்டியலில் சேர்' என்பதை அழுத்து, குறி பச்சையாகிவிடும். இணையத்தில் இதற்கு விளக்கப் படங்கள் நிறைய. கணினி மையங்களில் இதைச் செய்து கொடுப்பதற்குக் கட்டணமும் உண்டு. என்ன செய்கிறோம் என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 'வட்டாட்சியர்' என்று பெயரிட்டு யாரும் தம் வீட்டுக் கணினியிலேயே ஒரு சான்றிதழைத் தயாரித்துக்கொள்ளலாம். அதைக்கொண்டு ஒரு கோப்பில் ஒப்பமிடலாம். மேற்சொன்ன உபாயத்தைச் செய்தால் அதுவும் பச்சையாகும். ஆவணத்தோடு வந்த சான்றிதழை அந்த ஆவணத்தின் பேச்சை நம்பியே ஏற்றுக்கொள்வது, வழக்காடுபவர் மடியிலிருந்து எடுத்துத் தரும் இரண்டாம் ஓலையோடு முதலோலையை ஒப்பிடுவதற்குச் சமம். நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டியது வேர்ச் சான்றிதழ் ஒன்றையே. அதையும் கட்டுப்பாட்டாளரின் தளத்திலிருந்து தனியே பெற்றுச் சேர்க்க வேண்டும். ஒருமுறை அது அமைந்துவிட்டால் முறையாக வந்த ஒப்பங்கள் தாமே பச்சையாகும். போலிகள் மஞ்சளாகவே நிற்கும். அரசு அலுவலகக் கணினிகளில் இதை அமைக்க ஒரு சுற்றறிக்கையும் அரை நாளும் போதும் என்றே தோன்றுகிறது. அதற்கு மாறாக, எச்சரிக்கையை அணைப்பதே சோதனை என்று ஒரு தலைமுறைக்குக் கற்பித்துக் கொண்டிருக்கிறோம்.

இனி, ஒப்பமிடுவோர் பக்கம். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், வரிக் கணக்குகள், ஒப்பந்தப் புள்ளிகள் ஆகியவற்றுக்காக லட்சக்கணக்கானோர் பென் டிரைவ் போன்ற டோக்கனில் தம் அந்தரங்கச் சாவியை வாங்கி வைத்திருக்கின்றனர். 'வாங்கி வைத்திருக்கின்றனர்' என்பது உபசார வழக்கு. அந்த டோக்கன் பல சமயம் உரியவரிடம் இருப்பதில்லை. கணக்கரின் மேசை இழுப்பறையில், பெயர் ஒட்டிய உறையில், கடவுச்சொல் எழுதிய துண்டுச் சீட்டோடு கிடக்கிறது. சிறு பதிப்பகங்கள் நடத்தும் நம் நண்பர்கள் சிலருக்கும் இதுதான் நடைமுறை. டோக்கனைத் தாமே வைத்துக்கொள்வதாகச் சொன்ன ஒருவரிடம், உங்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா சார் என்று அவருடைய கணக்கர் மனம் நொந்து கேட்டாராம். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் நம்பிக்கையுள்ள அண்டை வீட்டாரிடம்கூட வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்து வைப்பதில்லையே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அந்தரங்கச் சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தக்க கவனம் எடுப்பது உரியவரின் கடமை என்கிறது. பாதுகாப்பான மின்னணு ஒப்பம் என்ற வரையறைக்குள் வரும் ஒப்பத்தை, மாறாக நிறுவப்படும் வரையில், உரியவர் மனமறிந்து இட்டதாகவே நீதிமன்றம் கொள்ளும் என்ற அனுமானம் பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்திலும் தொடர்கிறது.

மைக் கையெழுத்தையும்தான் யாரும் சோதிப்பதில்லை, போலிகள் அன்றும் இருந்தன என்று சொல்லப்படுவதுண்டு. உண்மைதான். ஆயினும் மையில் போலி செய்தவன் தன் கையின் தடத்தை அதில் விட்டுச் சென்றான். பத்தாண்டு கழித்தும் ஒரு நிபுணர் அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருந்தது. இரவல் கொடுத்த சாவியால் இட்ட ஒப்பத்துக்கும் உரியவரே இட்ட ஒப்பத்துக்கும் இம்மியளவும் வேறுபாடில்லை. அதில் போலி என்பதே கிடையாது. முறையான ஒப்பம்தான், இட்டவர் மட்டுமே வேறு.

டோக்கன் வசதியுள்ளோர் சமாசாரம். ஏனையோருக்கு 2015-ல் வந்தது ஆதார் வழி மின்-ஒப்பம். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால், அந்த ஒரு முறைக்கென்றே ஒரு சாவி பிறந்து, ஒப்பமிட்டு, அழிக்கப்படுகிறது. சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம். ஒப்பம் வழங்கும் நிறுவனத்துக்கு ஆவணம் போவதில்லை. அதன் ஹாஷ் எண் மட்டுமே போகிறது. அந்தரங்கம் காக்கும் நல்ல ஏற்பாடு, பொறியியலாக மெச்சத்தக்கது. ஆனால் இதன் பொருள், அந்த ஆவணத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை ஒப்பமிட்டவரைத் தவிர வேறு யாரும் நின்று கேட்கவில்லை என்பதும் ஆகும். ஒப்பமிட்டவரேனும் படித்தாரா?

கைநாட்டுக் காலத்தை நாம் இழிவாகப் பேசிப் பழகிவிட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவரின் பெருவிரலை மையில் தோய்த்துச் சொத்தைப் பறித்த கதைகளும் பொய்யல்ல. எனினும் அந்நாளைய பத்திரங்களில் ஒரு முறைமை இருந்தது. ஆவணத்தை எழுதியவர் இன்னார் என்று அடியில் இருக்கும். படித்துக் காட்டக் கேட்டுச் சம்மதித்து இட்ட ரேகை என்று இருக்கும். இரண்டு சாட்சிகள் இருப்பர். அவர்களும் ஏமாற்றலாம், ஆனால் ஏமாற்ற மூன்று நான்கு பேர் கூடிச் சதி செய்ய வேண்டியிருந்தது. இன்று கடன் கொடுக்கும் செயலியின் முகவர் ஒருவர், எழுபது வயதுப் பெரியவரிடம், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க ஐயா, சொல்லுங்க, என்கிறார். பெரியவர் சொல்கிறார். ஆவணமோ ஆங்கிலத்தில் முப்பது பக்கம். கைப்பேசித் திரையில் கடுகு எழுத்து. ஆறு இலக்கம் சொல்லி முடித்த அந்தக் கணத்தில் அவர் அத்தனை பக்கங்களுக்கும் கட்டுப்பட்டவராகிறார். படித்துக் காட்டியவர் பெயர் எங்கும் இல்லை. எழுத்தறிந்தவரையும் கைநாட்டு ஆக்கும் வித்தை இது.

எழுத்தாளர்களுக்கும் இது தூரத்துச் செய்தியன்று. மின்னூல், ஒலிநூல் உரிமைக்கான ஒப்பந்தங்கள் இப்போது இவ்வழியே வருகின்றன. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்து மூலமாகவும் கையொப்பத்துடனும் இருந்தாலே செல்லும் என்கிறது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு என்றும், எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்குள் என்றும் அதே பிரிவு படைப்பாளிக்கு ஒரு கேடயம் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் 'காலவரையறையின்றி, உலகெங்கும்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேடயத்துக்கு அங்கே வேலையில்லை. அப்படிச் சொல்கிறதா என்று பார்க்காமல் ஆறு இலக்கத்தைத் தட்டியவர்கள் நம்மிடையே உண்டு. இன்னொரு சாரார், தம் கையெழுத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கும் கோப்பிலெல்லாம் ஒட்டி அனுப்புகின்றனர். அதையே டிஜிட்டல் கையொப்பம் என்றும் நம்புகின்றனர். சட்டம் வரையறுக்கும் ஒப்பம் அதுவன்று. ஒப்பந்தமே செல்லாது என்று இதற்குப் பொருளில்லை. யாரேனும் மறுத்தால் மின்னஞ்சல், பணப் பரிமாற்றம் என்று வேறு சான்றுகளைத் தேடி நிறுவ வேண்டியிருக்கும் என்பதே பொருள். அந்தப் படத்தை அக்கோப்பிலிருந்து வெட்டி வேறொரு கோப்பில் ஒட்ட ஒரு நிமிடம் போதும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

உயிலைச் சட்டம் இன்றுவரை மின்-ஒப்பத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. 2022-ல் விலக்குப் பட்டியலைத் திருத்தியபோது அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களை அப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள், உயிலைத் தொடவில்லை. பழமைவாதம் என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியவர் இறந்த பிறகு பேசும் ஆவணத்துக்கு, அவர் மனமறிந்து இட்டார் என்று சொல்ல இரண்டு மனிதர்கள் வேண்டும் என்ற எண்ணம் நியாயமானது. உயிரோடிருப்பவர் தம் வீட்டை அடமானம் வைக்கும் கடனாவணத்துக்கும் அத்தகைய மனிதர் ஒருவராவது வேண்டாமா என்பதே நம் கேள்வி. ஓ.டி.பி. கேட்கும் திரைக்கு முன், தொகை, வட்டி, தவணை, தவறினால் என்ன என்ற நான்கையும் ஒப்பமிடுபவரின் தாய்மொழியில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். வேண்டினால் படித்துக் காட்டவும் வேண்டும். ஒப்பம் முடிந்ததும் அந்தப் பக்கமும் ஒப்பத்துக்குள் அடங்கிய கோப்பு அவர் கைக்கு வர வேண்டும். பத்திர எழுத்தர் செய்துவந்ததை ஒரு செயலி செய்ய முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் நண்பர்களுக்குச் சொல்ல நடைமுறையில் இவ்வளவுதான் உண்டு. பதிப்பாளரிடமிருந்து ஒப்பமிட்ட கோப்பு வந்தால் அச்சிட்டுக்கொண்டு கோப்பை அழித்துவிட வேண்டாம். வந்த வடிவிலேயே இரண்டு இடங்களில் சேமித்து வைக்கவும். வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவது, வேறு கோப்புகளோடு தைத்து ஒன்றாக்குவது, 'பி.டி.எஃப். ஆக அச்சிடு' என்று மறுபடி சேமிப்பது ஆகிய மூன்றும் ஒப்பத்தைக் கொன்றுவிடும். சான்றிதழ்களின் ஆயுள் ஓரிரண்டு ஆண்டுகளே ஆதலால், ஒப்பமிட்ட நேரத்துக்குச் சான்றான காலமுத்திரை கோப்பில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவும். ஐந்தாண்டு கழித்து உரிமைத்தொகை தகராறு வரும்போது அந்த முத்திரைதான் பேசும். டோக்கன் கணக்கரிடம் இருந்தால் நாளைக்கே போய் வாங்கிவந்து, கடவுச்சொல்லையும் மாற்றிவிடவும். அவர் மனம் நோகக்கூடும். ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் ஆறிவிடும்.